மாட வீதிக்குப் பக்கத்தில் புதுப்பித்த வீடு: 2.6 கோடி கொடுக்கலாமா?

9 அக்டோபர் 2023, வாசகர் கேள்வி

மயிலாப்பூரில் சித்திரக்குளத்திலிருந்து மூன்று நிமிட நடையில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. அரை கிரவுண்டு மனை. தாத்தா காலத்து வீடு. மூன்று வருடத்துக்கு முன் இடிக்காமல் உள்ளே மட்டும் முழுக்கப் புதுப்பித்திருக்கிறார்கள். மாடுலர் கிச்சன், மூன்று குளியலறை, கூடத்தில் ஊஞ்சல். 2 கோடியே 60 லட்சம் சொல்கிறார்கள். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இப்போது வாடகைக்கு இருக்கிறேன். என் கணக்கு இதுதான்: புதுப்பித்த வீடு, ஒரு பெயின்ட் டப்பா கூட வாங்க வேண்டாம், பால் காய்ச்சிவிட்டுக் குடிபோகலாம். அதற்காகப் பத்து இருபது லட்சம் கூடப் போனாலும் லாபம்தானே?

9 அக்டோபர், இரவு, என் பதில்

லாபம் இல்லை.

அந்தப் பக்கம் யாரும் வீடு விற்பதில்லை, மண் விற்கிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, உங்களுக்கு வருவது 1,200. வகுத்துப் பார்த்தால் சதுர அடி 21,600-ஐத் தாண்டுகிறது. அதே தெருவில் ஓடு சரிந்து, அரசமரம் முளைத்துக் கிடக்கிற வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். அதற்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கிச்சனின் விலை.

எங்கள் குடும்ப வீடும் அங்கேதான் இருந்தது, குளத்துக்கு அந்தப் பக்கம். 2022-ல் விற்றோம். விற்பதற்கு முன் தம்பி 38 லட்சம் போட்டுப் புதுப்பித்தான். பார்க்க வந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் பில்டர்கள். கிச்சனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று தெருவின் அகலத்தைக் காலடி வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வாங்கியது ஒரு குடும்பம். மண் விலைக்கு மேல் பன்னிரண்டு லட்சம் கொடுத்தார்கள். போட்டது 38, வந்தது 12. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய எனக்கு இது முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு திருப்தி, எதையும் மறைக்காமல் விற்றோம்.

10 அக்டோபர்

படி எத்தனை என்று பார்த்தீர்களா? வீட்டுக்குள் போக ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா?

கேலிக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் மூன்று படி ஏறித் திண்ணை, திண்ணையைத் தாண்டி ரேழி, அதாவது உள்ளே போகும் நடை. ஒவ்வொரு முறை தெருவுக்குத் தார் போட்டபோதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போது இரண்டு படி இருந்தது, கல்யாணத்தின்போது ஒன்று, அப்பா காலமான வருடம் எதுவும் இல்லை. விற்கும்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்தால் ஆட்டோவின் சக்கரம் முட்டிக்கு நேரே நிற்கும்.

14 அக்டோபர்

நாளைக்குக் கொலு வைக்க வேண்டும், வடக்கு மாட வீதிக்குப் பொம்மை வாங்கப் போனேன். போன காலோடு உங்கள் வீட்டையும் பார்த்துவிட்டேன். அக்கா பெண்ணுக்கு என்று தரகரிடம் சொன்னேன். பொய்தான், பெருமாள் மன்னிப்பார், பக்கத்திலேயே இருக்கிறார்.

காலை பதினொரு மணிக்கு மூன்று அறையிலும் ஊதுவத்தி. பூஜை அறையில் மட்டும் இல்லை.

முன் அறையில் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மர நிறத்தில் பி.வி.சி. பேனல். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விரலை மடக்கித் தட்டினேன், பொத்தென்று பொள்ளல் சத்தம். பேனலுக்கு மேலே சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது, புதுப் பட்டி (பெயின்டுக்கு முன் பூசுகிற மாவு). ஒரு மூலையில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. நகத்தால் தொட்டால் வெள்ளைத் தூள். தூள் இல்லை, உப்பு.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். அடித்தளத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிப் போகும். அதனால்தான் பழைய வீட்டில் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தார்கள். புதுப்பிக்கிறேன் என்று அதன் மேல் சிமென்டைப் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை, மேலே ஏறும். முன்பு ஒரு அடியில் நின்ற ஓதம் மூன்று அடிக்கு வரும். வந்ததும் பேனல் அடிப்பார்கள்.

முற்றத்தை மூடிவிட்டார்கள், மேலே பாலிகார்பனேட் தகடு. வெயில் வருகிறது, காற்று வரவில்லை. கிணற்றின் மேல் கிரானைட் பலகை போட்டு சிட்-அவுட் என்கிறார் தரகர். கிணற்றின் மேல் உட்கார்ந்து காபி குடிப்பது எனக்கு இறங்கவில்லை, அது என் வயசு.

மொட்டை மாடிக்குப் போகலாமா என்றேன். சாவி இல்லை என்றார். பொம்மைகளைக் கீழே வைத்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடத்தில் சாவி வந்தது. மேலே வெள்ளை கூல் டைல்ஸ், பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தென்மேற்கு மூலையில் வட்டமாக மண் கறை, நடுவில் நாலு காய்ந்த வேப்பிலை. தண்ணீர் அங்கே தேங்கி, வழி தெரியாமல் காய்ந்திருக்கிறது.

15 அக்டோபர்

நேற்று நினைத்ததில் ஒரு திருத்தம். பால்ஸ் சீலிங்குக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் அப்படியே இருக்கும் என்று நினைத்து, அதன் மேல் டைல்ஸ் ஏற்றிவிட்டார்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இரவு யோசித்தேன். ஊஞ்சல் வளையம் இரும்பு கர்டரில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. கூடத்தின் மேல்தளத்தையாவது மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது நல்ல செலவு. எத்தனை அறையில் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேக்குச் சட்டங்களைப் பரப்பி, அதன் மேல் மெல்லிய சின்னச் செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் கட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் பலகையால் தட்டுவார்கள். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள், தட்டோடு என்று பெயர். எங்கள் வீட்டில் தளத்தைப் பிரித்தபோது மேஸ்திரி ஒரு செங்கலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதைப் பிரிக்கிற பாவம் எனக்கு வேண்டாம் என்று ஒரு நாள் முழுக்க வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். தேக்குச் சட்டங்கள் விலைபோன கணக்கு மட்டும் இன்றுவரை எனக்குச் சரியாக வரவில்லை. அது தம்பி பார்த்துக்கொண்டது.

22 அக்டோபர்

பத்திரம் எல்லாம் பக்கா, அப்பா ரிஜிஸ்டர் செய்த உயில் இருக்கிறது, பிள்ளைகள் மூன்று பேர், ஒரு பெண் நியூ ஜெர்சியில், வில்லங்கம் சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. சட்டம், வரி, கட்டணம் எல்லாம் 2023 அக்டோபர் நிலவரப்படி சொல்கிறேன்.

முதலில் மண் யாருடையது? மயிலாப்பூரில் இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கோயில் மனையில் தலைமுறையாகக் குடியிருக்கிறவர்கள் உண்டு. கட்டடம் அவர்களுக்கு, மண் சுவாமிக்கு. 1959-ஆம் வருட அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி கோயில் நிலத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. வங்கியில் ஒரு கோப்பு எனக்கு நினைவிருக்கிறது. பத்திரம், வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் அழகாக இருந்தது. மூலப் பத்திரத்தில் மூன்றாவது பக்கத்தில் 'கட்டடம் மட்டும்' என்று இரண்டு வார்த்தை. அதை எங்கள் வங்கி வக்கீலே முதல் தடவை தாண்டிப் போய்விட்டார். அதனால் டி.எஸ்.எல்.ஆர். எடுப்பை (நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்) வாங்கி, அதில் யார் பெயர் என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, உயில். ரிஜிஸ்டர் செய்துவிட்டால் முடிந்தது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இப்போதைய (2023) சட்டப்படி, சென்னையில் இருக்கிற சொத்துக்கு இந்து ஒருவர் எழுதிய உயிலை வைத்து உரிமை கொண்டாட வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற சான்று, வாங்க வேண்டும். வாங்கினார்களா? இல்லையென்றால் ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லை மூன்று பேரும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா இருந்தால் அம்மாவும்தான். எது போதும் என்பதை உங்கள் வக்கீல் எழுத்தில் சொல்லட்டும், அவர்கள் வக்கீல் வாயால் சொல்வது வேண்டாம்.

மூன்றாவது நியூ ஜெர்சி. அந்தப் பெண் வர முடியாமல் பவர் (தனக்குப் பதில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால், அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வரவேண்டும். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். வரி இன்னொரு பக்கம். விற்பவர் இங்கே இருப்பவர் என்றால் 50 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு நீங்கள் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் பங்குக்கு 20 சதவீதமும் அதன் மேல் செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகளும். அதற்கு நீங்கள் வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் வாங்க வேண்டும். அவர் வருமானவரித் துறையில் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் கொண்டுவந்தால் குறையும். பிடிக்காமல் விட்டால் துறை உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும், நியூ ஜெர்சிக்குப் போகாது.

வில்லங்கத்தை இணையத்தில் 1975-லிருந்துதான் எடுக்க முடியும். அதற்கு முன்னால் உள்ளதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும். தாத்தா காலத்து வீட்டுக்கு இது அவசியம். சித்தப்பா யாராவது 1968-ல் அடமானம் வைத்திருப்பார்.

பதிவுச் செலவையும் சேர்த்துக்கொண்டீர்களா? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முன்பு 11 இருந்தது. இந்த ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தைக் குறைத்தார்கள், கூடவே அரசு நிர்ணயிக்கிற வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். இடது கையில் கொடுத்து வலது கையில் வாங்கிக்கொண்டார்கள்.

23 அக்டோபர்

தண்ணீர் எப்படி என்று கேட்டதற்குத் தரகர் 'ஸ்வீட் வாட்டர்' என்றாராம். ஒரு சொம்பு வாங்கி வந்து துவரம் பருப்பு போடுங்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்றால் அந்தத் தரகரிடமும் உங்கள் பருப்பு வேகாது.

7 டிசம்பர்

நேற்று இரவுதான் கரண்ட் வந்தது. மிக்ஜாம் புயல் போய்விட்டது.

திங்கள்கிழமை மழையில் அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள் என்று உங்களுக்கு எழுத நினைத்தேன், போன் செத்துவிட்டது. நீங்களே செவ்வாய்க்கிழமை முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருக்கிறீர்கள். தரகர் இந்த வாரம் வீடு காட்ட முடியாது, ஓனர் ஊரில் இல்லை என்றாராம். ஜன்னல் வழியாகப் பார்த்ததில் முன் அறையில் பேனலின் அடிவிளிம்பு அலை மாதிரி நெளிந்து நின்றது என்கிறீர்கள்.

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாக இல்லை.

8 டிசம்பர்

முதல் நாள் எழுதினேனே, எதையும் மறைக்காமல் விற்றோம் என்று. அது பொய்.

எங்கள் வீட்டில் மேற்குச் சுவர் முழுக்க ஓதம். அடுத்த வீட்டுக் குளியலறை அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதுவும் சேர்ந்துகொண்டது. தம்பி முதலில் சுண்ணாம்புப் பூச்சையே திரும்பச் செய்யலாம் என்றான். ஒரு ஆள் வந்து பார்த்து நான்கு மாதம் ஆகும், நடுவில் மழை வந்தால் ஐந்து என்றார். அதற்குள் அக்காவுக்குப் பெங்களூரில் பணம் தேவைப்பட்டது. அப்போது சொன்னது நான்தான்: "பேனல் அடிச்சுடு. பார்க்க வரவா சுவரையா தட்டிப் பார்க்கப் போறா?"

வீட்டுக்கடனுக்கு வருகிறவர்களின் கோப்பில் மதிப்பீட்டாளர் அறிக்கையைப் பிரித்து, கட்டடத்தின் மிச்ச ஆயுள் எத்தனை, சுவரில் ஈரம் உண்டா என்ற கேள்விக்கு எதிரே காலியாக விட்டிருந்தால் திருப்பி அனுப்பியவள் நான். அந்தக் கேள்விக்கு எங்கள் சுவரில் நானே பேனல் அடித்தேன். ஒரு சதுர அடி 140 ரூபாய். மொத்தம் 26 ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிட்டது.

வாங்கியவர்கள் வீடு பார்க்க வந்தபோது அந்தப் பெண்மணி பேனலைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றாள். நான் கடையின் பெயரைச் சொன்னேன்.

மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். 'வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்' என்கிறார் ஒருவர். ஆறுதலுக்கு நன்றி. எனக்கு அது போதவில்லை.

உங்கள் ஓனர் வீட்டில் ஊதுவத்தியைப் பார்த்தவுடன் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்களே. நாங்கள் சாம்பிராணி போட்டோம்.

2 ஜனவரி 2024

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் நிறையப் பேர் செய்கிறார்கள். அடித்தளத்துக்கு மேல் சுவரை வெட்டி, நூறு இருநூறு ஜாக்கி கொடுத்து, நாளுக்கு அரை அங்குலம் ஒரு அங்குலமாக ஏற்றுவார்கள். சிமென்ட் காலத்து வீட்டுக்கு நான் பயப்பட மாட்டேன். சுண்ணாம்புச் சுவர், அதுவும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் எனக்கு வயிறு கலங்கும். உங்கள் வீடு ஏறும், பக்கத்து வீட்டுக்காரர் ஏறமாட்டார், சண்டை ஏறும்.

மார்கழி என்பதால் விடிகாலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். போனீர்களாம். ஐந்தரை மணிக்கு மாட வீதியில் பஜனைக் கோஷ்டி, வாசலுக்கு வாசல் கோலம், ஒலிபெருக்கியில் திருப்பாவை. உங்கள் பையன் காதைப் பொத்திக்கொண்டான், உங்கள் அம்மா அழுதார்கள். நான் கேட்டது பார்க்கிங் எப்படி இருந்தது என்று. அதை எழுதவே இல்லை நீங்கள்.

24 மார்ச்

நேற்று அறுபத்துமூவர். பத்து மாதம் வீட்டையே எட்டிப் பார்க்காத என் பிள்ளை கூட வந்திருந்தான்.

வீடு விற்றபின் இது இரண்டாவது பங்குனி. முன்பெல்லாம் எங்கள் வாசலில் நாங்கள்தான் நீர்மோர் கொடுப்போம். பெரிய அண்டாவில் கரைத்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, அப்பா சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவார். சாயங்காலம் அவர் சட்டை முன்பக்கம் முழுக்க மோர் வாசனை. எத்தனை பேர் வந்தாலும் செருப்பு எங்கள் திண்ணை ஓரத்தில்தான் குவியும். எடுத்துப்போக மறந்த ஒற்றைச் செருப்பு மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏழெட்டு மிஞ்சும். இந்த வருடம் கும்பலோடு கும்பலாக நின்று யார் வீட்டு வாசலிலோ கை நீட்டி மோர் வாங்கிக் குடித்தேன். உப்பு கம்மி.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. 9 அக்டோபரில் மண்தான் விற்கிறார்கள் என்றேன். பாதிதான் சரி. அதே 1,200 சதுர அடி வேறு இடத்தில் இந்த விலையில் பாதிக்குக் கிடைக்கும். மீதிப் பாதி இந்தக் கூட்டத்துக்கு. பத்து நாள் வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஆட்டோக்காரர் லஸ் முனையிலேயே இறக்கிவிட்டுவிடுவார், மெட்ரோ பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வர அவரும் மாட்டேன் என்பார். தேர் அன்று வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் அம்மா கவலைப்பட்டாள். ஒரு வருடமும் வரவில்லை. அதனால் நான் சொல்வது கணக்கு இல்லை, நம்பிக்கையும் இல்லை. உங்கள் அம்மா அழுததை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம், அதுதான் என் புத்தியைக் கெடுத்துவிட்டது.

வாங்காதீர்கள் என்று இத்தனை நாள் சொல்லாமல் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விலையைக் குறைத்து வாங்குங்கள்.

25 மார்ச்

எவ்வளவு குறைப்பது என்று ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். முன் அறை, ரேழி, பூஜை அறை மூன்றிலும் பேனலையும் சிமென்டையும் உடைத்து, சுவரை ஒரு கோடை காலம் காயவிட்டு, சுண்ணாம்பில் பூசுவதற்கு ஒரு மேஸ்திரியிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மாடித் தளத்தின் வாட்டம் திருத்தவும் சேர்த்து. அதை ஓனர் முன் வையுங்கள். பேரம் பேசும்போது 'மனசுக்குப் பிடித்திருக்கிறது' என்று யாராவது வாய் திறந்தால், முக்கியமாக உங்கள் மனைவி ஊஞ்சலில் உட்கார்ந்தால், எல்லாம் போச்சு.

25 ஜூலை

பட்ஜெட்டில் வீடு விற்பவர்களுக்கு இண்டெக்சேஷனை, அதாவது வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்றிக் காட்டும் சலுகையை, எடுத்துவிட்டார்கள். இனி லாபத்துக்கு வரி 20 சதவீதத்துக்குப் பதில் 12.5, பணவீக்கக் கழிவு கிடையாது. உங்கள் ஓனர் இதைச் சாக்காக வைத்து விலை ஏற்றப் பார்க்கிறார் என்கிறீர்கள். 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்கவிலையாக எடுக்கும் வசதி இன்னும் இருக்கிறது, அதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துங்கள். எப்படியும் ஆடியில் யாரும் பத்திரம் போடப் போவதில்லை. வாய்தா கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8 ஆகஸ்ட்

மேலே எழுதியது பதினைந்து நாள் கூட உயிரோடு இல்லை. திருத்திவிட்டார்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடம் என்றால் பழைய 20 (இண்டெக்சேஷனோடு), புதிய 12.5, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். நியூ ஜெர்சிக்கு 12.5 மட்டும்தான். அண்ணனுக்கு ஒரு கணக்கு, தங்கைக்கு ஒரு கணக்கு. அவர்கள் வீட்டில் இப்போது என்ன சத்தம் என்று எனக்குக் கேட்கிறது.

1 செப்டம்பர்

2 கோடியே 41 லட்சம். ஆவணியில் பதிவு முடிந்தது. வாழ்த்துகள், வாழ்த்துகள்.

பேனல் உடைக்கிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது உங்கள் பெருந்தன்மை. முதல் பலகையைக் கடப்பாறை நெம்பியபோது வந்த வாடை எனக்குப் பழக்கமானது. சுவர் முழுக்க உப்புப் பூத்து, பூரான் இரண்டு ஓடின. உங்கள் மேஸ்திரி கையால் சிமென்டைத் தொட்டார், அது பலகையாக அவர் காலடியில் விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்திருந்தது, ஆனால் உதிரவில்லை. விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு 'கெட்டியா இருக்குங்க' என்றார். உங்கள் மனைவி ஊஞ்சலில் இருந்து எழுந்தே வரவில்லை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். குளத்தைச் சுற்றி நடந்தேன்.

3 செப்டம்பர்

எங்கள் பழைய வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்தப் பெண்மணி அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டாள். இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அந்த மேற்குச் சுவர்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுவா மாமி, குடிவந்த மாசமே பேனலை எடுத்துட்டோம்" என்றாள். சுவரைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு, கீழே லேசாக ஓதக் கோடு, அதை ஒட்டிக் குழந்தையின் சைக்கிள். "உங்க தம்பிதான் அட்வான்ஸ் குடுக்கறப்பவே சொல்லிட்டாரே. அதுக்குத்தானே மூணு லட்சம் குறைச்சுக்கிட்டார்."

தம்பி எங்களிடம் அந்த மூன்று லட்சத்தைத் தரகர் கமிஷன் என்று கணக்கு எழுதியிருந்தான். நான் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கமிஷன் ஒரு சதவீதத்துக்கு மேல் போகிறதே என்று அப்போதே தோன்றியது, கேட்கவில்லை.

காபி கொடுத்தாள். குடித்தேன்.

8 செப்டம்பர்

நேற்று பிள்ளையார் சதுர்த்திக்குத் தம்பி கொழுக்கட்டை சாப்பிட வந்தான். கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா ஒத்துண்டிருக்க மாட்டே" என்றான், நாலாவது கொழுக்கட்டையை எடுத்தபடி.

தேக்குச் சட்டங்களைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.